சிறைக்குள் தவளையும் வண்ணத்துப்பூச்சியும்: உருப்படியான வேலையா, வெறும் விளம்பரமா?

கேள்வி இது: "அமெரிக்காவில் கைதிகள் அழிந்துவரும் தவளையையும் வண்ணத்துப்பூச்சியையும் சிறைக்குள் வளர்த்துக் காட்டில் விடுகிறார்களாமே, அது உருப்படியான வேலையா, சிறைத்துறை தன் முகத்தில் பூசிக்கொள்ளும் பவுடரா? நல்லது என்றால் நம் ஊர்ச் சிறைகளில் ஏன் செய்யக் கூடாது?"

இரண்டுமே உண்டு. எது எந்தப் பக்கம் என்று பார்க்க நான் இரண்டு விஷயங்களைக் கவனிப்பேன். அந்த வேலை வெளியில் யாருக்காவது உண்மையிலேயே தேவைப்படுகிறதா? அதைச் செய்யும் கைதிக்கு அதில் யோசிக்கவும் முடிவெடுக்கவும் இடம் இருக்கிறதா? இரண்டும் இருந்தால், திட்டத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் நல்லதுதான். இல்லாவிட்டால் பழைய கூலி வேலைக்குப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நீங்கள் படித்தது பெரும்பாலும் வாஷிங்டன் மாநிலத்துச் செய்தியாகத்தான் இருக்கும். தலைநகர் இல்லை, பசிபிக் கரையோரம் சியாட்டில் இருக்கிற மாநிலம். வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஊர். அந்தக் காட்டு மரங்களில் கிளைக்குக் கிளை பாசி மெத்தை போலப் படர்ந்திருக்கும். அதை உரித்துப் பூக்கடைக்காரர்களுக்கு விற்பது அங்கே பெரிய வியாபாரம். பூந்தொட்டி, பூங்கொத்து அலங்காரத்துக்கு அடியில் பச்சையாக வைப்பார்களே, அதுதான். உரிப்பது எளிது, மறுபடி வளர இருபது வருஷத்துக்கு மேல் ஆகலாம்.

மரங்களின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏறி ஆராய்ச்சி செய்கிற நளினி நாட்கர்னி என்ற சூழலியலாளருக்கு இது உறுத்தியது. அப்பா இந்தியர், அம்மா அமெரிக்கர். அப்போது ஒலிம்பியா நகரில் எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். (மரம் ஏறும் உடையில் பார்பி பொம்மை செய்து சிறுமிகளிடம் கொண்டுபோனவரும் இவர்தான், யாரிடம் அறிவியலைக் கொண்டுபோவது என்பதில் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் வேறு மாதிரி யோசனை.) பாசியைக் காட்டிலிருந்து எடுக்காமல் தோட்டப் பயிர் மாதிரி வளர்க்க முடியுமா என்று பார்க்க நினைத்தார். எந்தப் பாசி வேகமாக வளரும், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் கிடையாது. தினமும் உட்கார்ந்து பார்க்கப் பொறுமையான ஆட்கள் வேண்டும், இடம் வேண்டும், நேரம் வேண்டும். கல்லூரி மாணவர்களுக்குப் பரீட்சை வந்துவிடும், விடுமுறை வந்துவிடும். நேரம் யாரிடம் இருக்கிறது என்று யோசித்துச் சிறைக் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தது சீடர் கிரீக் என்ற சிறை. காட்டுக்கு நடுவே, சில நூறு பேர் இருக்கும் குறைந்த பாதுகாப்புச் சிறை. விடுதலைக்குச் சில வருஷங்களே மிச்சம் உள்ளவர்களை வைத்திருக்கும் இடம். அங்கே கண்காணிப்பாளராக இருந்த டான் பாசோல்க்கி சம்மதித்தார். 2004 வாக்கில் ஒரு சின்னப் பசுமைக்குடில் எழுந்தது. கைதிகள் பாசி வகைகளைப் பிரித்து வைத்து, தண்ணீரைக் கூட்டிக் குறைத்து, வாரா வாரம் அளந்து நோட்டில் எழுதினார்கள். நாட்கர்னி அவர்களிடம் கேட்டது இரண்டு கைகளை மட்டும் அல்ல. "இதை எப்படிச் செய்தால் நன்றாக வரும், நீங்களே சொல்லுங்கள்" என்றார். எனக்கு இந்த முழுக் கதையிலும் முக்கியமான இடம் இதுதான். சிறைக்குள் போனவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. எப்போது எழ வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், எப்போது விளக்கு அணையும் என்று எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்யும் இடத்தில் ஒருவனிடம் போய் உன் கருத்து என்ன என்று கேட்பது சின்ன விஷயமில்லை.

பாசியோடு நிற்கவில்லை. சிறை என்பது ஒரு குட்டி ஊர். நூற்றுக்கணக்கான பேருக்கு மூன்று வேளை சமையல், துணி துவைப்பு, குப்பை, சாக்கடை எல்லாம் ஒரே வேலிக்குள். சமையலறை மிச்சத்தை லாரியில் ஏற்றி அனுப்பினால் அதற்குக் காசு, தொட்டியில் கரைத்துவிட்டால் கழிவுநீர் நிலையத்துக்குப் பாரம். அதையே மட்கவைத்தால் தோட்டத்துக்கு உரம். தோட்டம் வந்தால் காய்கறி, பூ வந்தால் தேனீ. பாசோல்க்கிக்கு இதில் பிடித்தது செலவு மிச்சம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிறை அதிகாரி ஒருவர் பட்டாம்பூச்சி மேல் உள்ள காதலால் ஒரு திட்டத்தை ஆரம்பிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. குப்பை வண்டிக்குக் கொடுக்கும் பணம் குறைந்தால் அவர் அடுத்த முறையும் கதவைத் திறப்பார். 2008-ல் கல்லூரிக்கும் மாநிலச் சிறைத்துறைக்கும் முறைப்படி ஒப்பந்தம் ஆகி, இது மற்றச் சிறைகளுக்கும் பரவியது. மன்ரோ என்ற ஊர்ச் சிறையில் சில நூறு மண்புழுக்களோடு ஆரம்பித்தது லட்சக்கணக்கில் பெருகியது. ஒதுக்கிப்போட்ட பீப்பாய், பழைய சலவை வண்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் புழுத்தொட்டியாக மாற்றினார்கள். நம் ஊர் ஜெயில்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிடைத்ததை வைத்துத் தேவையானதைச் செய்கிற திறமைக்குச் சிறைக்குள் என்றைக்குமே பஞ்சம் இல்லை.

இனி தவளை. ஓரிகான் புள்ளித்தவளை என்று ஒன்று. சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கியதாலும், வெளியிலிருந்து வந்த புல்ஃப்ராக் என்ற பெரிய தவளை அதைத் தின்பதாலும், வந்தேறிப் புல் குளங்களை மூடுவதாலும் அருகிப்போனது. 2014-ல் அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. முட்டையிலிருந்து தவளையாகும் வரை இயற்கையில் தப்பிப் பிழைப்பவை மிகச் சில. அதனால் வசந்தகாலத்தில் முட்டைகளைச் சேகரித்து, பாதுகாப்பான தொட்டியில் வளர்த்து, ஓரளவு பெரிதானதும் சதுப்பில் விடுவது என்று ஒரு திட்டம். விலங்குக் காட்சிசாலைகள் இதைச் செய்துகொண்டிருந்தன. 2009-ல் சீடர் கிரீக் கைதிகளிடமும் ஒரு பங்கு முட்டை கொடுக்கப்பட்டது.

காட்சிசாலை ஊழியருக்கு ஒட்டகச்சிவிங்கியையும் பார்க்க வேண்டும், தவளையையும் பார்க்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும். கைதிக்கு அந்தத் தொட்டிகள்தான் வேலை. தண்ணீர் மாற்றுவது, தலைப்பிரட்டைகளை எண்ணுவது, எடை போடுவது, சூட்டை அளப்பது. குட்டித் தவளைகள் உயிருள்ள இரை கேட்கும் என்பதால் அவற்றுக்குப் போடச் சுவர்க்கோழிகளையும் தாங்களே வளர்த்தார்கள். ஒரு பூச்சியை வளர்த்து இன்னொரு பிராணிக்கு ஊட்டி, எதற்கு எவ்வளவு என்று கணக்கு எழுதுவது. பலன், அவர்கள் வளர்த்த தவளைகள் உடல் அளவிலும் பிழைத்த விகிதத்திலும் காட்சிசாலைகள் வளர்த்தவற்றோடு போட்டிபோட்டன. பின்னர் அதே சிறையில் ஓட்டில் நோய் கண்ட குளத்து ஆமைகளும் வந்தன. மருத்துவர் சிகிச்சை கொடுத்து அனுப்புவார், தேறும்வரை பார்த்துக்கொள்வது கைதிகள். அந்த வேலையில் இருப்பவர்களுக்குத் திட்டம் கொடுத்திருக்கும் பதவிப் பெயர் டெக்னீஷியன்.

வண்ணத்துப்பூச்சிக் கதை பெண்கள் சிறையில் நடந்தது. டெய்லர் செக்கர்ஸ்பாட் என்று ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி. கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை கட்டம் போட்ட சிறகு. அதற்கு மரம் இல்லாத திறந்த புல்வெளி வேண்டும். வாஷிங்டனின் தென்பகுதியில் அப்படிப்பட்ட புல்வெளிகளைப் பழங்குடி மக்கள் நூற்றாண்டுகளாக அளவோடு தீ வைத்துப் பராமரித்து வந்தார்கள், கிழங்கு தோண்ட. அவர்களை விரட்டிய பிறகு தீ நின்றது, ஊசியிலை மரம் ஏறியது, மிச்ச இடத்தில் வீடு முளைத்தது. இன்றைக்கு அந்தப் புல்வெளியில் மூன்று சதவீதம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியதில் பெரிய துண்டு எங்கே இருக்கிறது தெரியுமா? ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சி மைதானத்தில். குண்டு விழுந்து அடிக்கடி தீப்பிடிப்பதால் அங்கே மரம் வளரவில்லை, யாரும் மனை போட்டு விற்கவும் முடியவில்லை. ஆக, சிறையில் பிறந்து பீரங்கி மைதானத்தில் வாழப்போகிற வண்ணத்துப்பூச்சி இது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, ஆனால் உண்மை.

2011-ல் ஓரிகான் காட்சிசாலையின் துணையோடு மிஷன் கிரீக் பெண்கள் சிறையில் இதற்கென்று பசுமைக்குடில் வந்தது. அங்கே வேலை பார்த்த பெண்களின் வருஷம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வசந்தத்தில் பூச்சிகள் கூட்டிலிருந்து வெளிவரும். எதை எதோடு இணைசேர்ப்பது என்று வம்சாவளிக் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும், உறவுக்குள் கலந்துவிடக் கூடாது. தேன் கலந்த தண்ணீரைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் நனைத்து ஒவ்வொன்றுக்கும் ஊட்டுவார்கள். முட்டை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. அதை எண்ண வேண்டும். புழு வந்ததும் தீனி. நம் ஊரில் இசப்கோல் தருகிற செடிக்கு உறவுக்காரச் செடி ஒன்று அங்கே களையாக மண்டிக் கிடக்கிறது, அதன் இலையைப் பிரியமாகத் தின்னும். கோடை தொடங்கும்போது புழுக்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நீண்ட உறக்கத்துக்குப் போய்விடும். அந்த மாதங்களில் ஈரம் கொஞ்சம் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும், குறைந்தால் காய்ந்து சாகும். குளிர் விலகத் தொடங்கும்போது எழும். அப்போது பெரும்பகுதியைப் புல்வெளியில் விடுவதற்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை அடுத்த தலைமுறைக்காக வைத்துக்கொள்வார்கள். பூச்சி எந்தச் செடியில் முட்டையிட விரும்புகிறது என்று பார்க்கும் சோதனைகளிலும் அந்தப் பெண்கள் பங்கெடுத்தார்கள். புல்வெளியில் எதை நடுவது என்று முடிவு செய்ய வெளியில் இருக்கிறவர்களுக்கு அந்த விடை தேவைப்பட்டது. இது போக, அந்தச் செடிகளையே லட்சக்கணக்கில் வளர்க்கும் நாற்றங்கால்களும் ஸ்டாஃபோர்ட் கிரீக் முதலான சிறைகளில் வந்தன.

இதையெல்லாம் கேட்டதும் அடுத்த கேள்வி வரும்: சரி, வெளியே போனபிறகு திரும்பக் குற்றம் செய்வது குறைகிறதா?

இங்கே கவனமாக இருக்க வேண்டும். இந்த வேலைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? நன்னடத்தை உள்ளவரை, படிப்பில் ஆர்வம் உள்ளவரை. அப்படிப்பட்டவர் திட்டமே இல்லாவிட்டாலும் திரும்பி வராமல் இருந்திருக்கலாம். அதனால் "எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் இத்தனை பேர் திருந்திவிட்டார்கள்" என்று யாராவது சதவீதம் சொன்னால், யாரோடு ஒப்பிட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள். தனி மனிதர்களின் கதைகள் உண்டு. சீடர் கிரீக்கில் மட்கு உர வேலையில் இருந்த ஒருவர் விடுதலையான பிறகு நுண்ணுயிரியலில் முனைவர் படிப்புக்குச் சேர்ந்தார். சந்தோஷமான செய்திதான், ஆனால் ஒருவரை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று வேறு இடத்தில் நடந்தது, அதுவும் நாட்கர்னி சம்பந்தப்பட்டதுதான். ஓரிகான் மாநிலத்தில் ஸ்னேக் ரிவர் சிறை. தனிமைச் சிறைப் பிரிவில் நாளுக்கு 23 மணி நேரம் அறைக்குள்ளேயே இருப்பவர்கள். அவர்களைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் ஓர் அறையில் காடு, கடல், மலை என்று வீடியோ போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் காட்டி ஒரு வருஷம் கவனித்ததில், பார்த்தவர்களிடம் வன்முறைக் குற்றச்சாட்டுகள் 26 சதவீதம் குறைவாக இருந்தன. 2017-ல் வெளியான ஆய்வு அது. எண்ணிக்கை சிறியது, சில டஜன் பேர்தான். ஆனாலும் வார்டர் மேல் பாய்வது கால்வாசி குறைகிறது என்றால் சிறை நிர்வாகத்துக்கு அது காசு மதிப்புள்ள தகவல். எனக்கு இதில் ஓர் உறுத்தலும் உண்டு. ஒருவரை 23 மணி நேரம் பூட்டிவைத்துவிட்டு மீதி நேரத்தில் காட்டைத் திரையில் காட்டுவதைவிட, பூட்டும் நேரத்தைக் குறைப்பது பற்றிப் பேசலாமே.

இப்போது மறுபக்கம். சூழல் என்ற பெயரிலேயே கைதிகளுக்குக் கேடு செய்த கதையும் அமெரிக்காவில் உண்டு. யூனிகார் என்பது அங்கே மத்திய அரசின் சிறைகளில் தொழில் நடத்தும் அரசு நிறுவனம். 1990களின் பிற்பகுதியில் பழைய கம்ப்யூட்டர், டிவிகளைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் வேலையைச் சிறைக்குள் ஆரம்பித்தது. காகிதத்தில் எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்: குப்பை குறைகிறது, கைதிக்குத் தொழில், நாட்டுக்குச் சேவை. உள்ளே நடந்தது என்னவென்றால், ஈயம் கலந்த பழைய பிக்சர் டியூபுகளைக் கைதிகள் சுத்தியலால் உடைத்தார்கள். ஈயமும் காட்மியமும் கலந்த தூசி பறந்தது. போதிய முகக்கவசம் இல்லை, காற்றை வடிகட்டும் ஏற்பாடு இல்லை. சிறையின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரே புகார் கொடுத்து, நீதித்துறையின் தணிக்கை அமைப்பு பல வருஷம் விசாரித்து 2010-ல் அறிக்கை வெளியிட்டது. கைதிகள் மட்டுமல்ல, ஊழியர்களும் அந்த நச்சுத் தூசிக்கு ஆளாகியிருந்தார்கள். மறுசுழற்சி என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் தலையாட்டிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கலிபோர்னியாவின் கதை இன்னும் சிக்கலானது. அங்கே காட்டுத்தீ அணைக்கும் வேலையில் கைதிகள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பற்றியெரிந்தபோது சுமார் ஆயிரம் கைதிகள் களத்தில் நின்றார்கள். தேவையா என்றால் தேவை, யாரும் மறுக்க முடியாது. முகாமில் இருப்பவர்களே பலர் சிறையைவிட இது மேல் என்கிறார்கள். திறந்த வெளி, நல்ல சாப்பாடு, மரியாதை. ஆனால் அப்போது அவர்களுடைய நாள் கூலி திறமைக்கு ஏற்ப 5 டாலர் முதல் 10 டாலர் சொச்சம்தான், தீ அணைக்கும்போது மணிக்கு இன்னொரு டாலர். அதே தீயை அதே வரிசையில் நின்று அணைக்கும் வெளி ஆளின் சம்பளத்தோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியவில்லை. கொடுமையின் உச்சம், விடுதலையானபிறகு பல தீயணைப்புத் துறைகளில் வேலை கேட்டால் குற்றப் பதிவு குறுக்கே நிற்கும். 2020-ல் வந்த ஒரு சட்டம்தான் முகாமில் பணியாற்றியவர்கள் அந்தப் பதிவை நீக்கக் கோரி நீதிமன்றம் போக வழி செய்தது. தண்டனையாகக் கட்டாய வேலை வாங்கலாம் என்ற விதிவிலக்கு 1865-ல் வந்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தத்திலேயே இருக்கிறது. அதை மாநில அளவில் நீக்கலாமா என்று 2024-ல் கலிபோர்னியா வாக்காளர்களைக் கேட்டார்கள். வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

நான் புகழ்ந்த வாஷிங்டன் திட்டமும் கூலி விஷயத்தில் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பாசி வளர்த்த நாட்களில் மணிக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது. ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது விஞ்ஞானிகளோடு பேசும் வாய்ப்பு, தேனீ வளர்ப்பில் வெளியிலும் செல்லும் சான்றிதழ், பின்னாளில் சில வேலைகளுக்குக் கல்லூரிப் படிப்புக் கணக்கில் சேரும் மதிப்பெண் (கிரெடிட்). இவை பெரிய விஷயங்கள்தான், ஆனால் கூலிக்கு மாற்று இல்லை.

நார்வே பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் யாராவது கட்டாயம் கேட்பீர்கள். ஒஸ்லோவுக்குத் தெற்கே பாஸ்டோய் என்ற தீவே ஒரு சிறை. நூற்றுச் சொச்சம் பேர். விவசாயம் செய்கிறார்கள், குதிரை வைத்து விறகு இழுக்கிறார்கள், கரைக்கும் தீவுக்கும் போய்வரும் படகில் கைதிகளே வேலை செய்கிறார்கள். மிக நன்றாக நடக்கிறது. ஆனால் அது சிறிய, பணக்கார நாட்டின் சிறிய சிறை. நம் ஆட்கள் அங்கே போய்ப் படம் பிடித்துவந்து ஆஹா என்பதைத் தவிர அதிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை.

சமூக சேவை என்ற பகுதியைக் கேட்டால், பல இடங்களில் சிறைத் தோட்டத்துக் காய்கறி ஏழைகளுக்கான உணவு வங்கிக்குப் போகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் இன்னொரு பெண்கள் சிறையில் 1981-லிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் நாய்களைப் பழக்கித் தருகிறார்கள். இந்த மாதிரி வேலையில், இந்த நாய் இன்னாருக்குப் போகிறது, அவருக்காக அதற்குக் கதவு திறக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கைதிக்குத் தெரிகிறது. தெருவைக் கூட்டச் சொல்லிச் சீருடையில் நிறுத்திப் படம் எடுப்பதும் சமூக சேவை என்றுதான் எழுதப்படும், அது அவமானப்படுத்தல்.

நம் ஊருக்கு வருவோம். சிறையும் உழைப்பும் என்றாலே கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு நினைவுக்கு வராத தமிழர் இல்லை. சட்டம் அங்கிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. வேலை வாங்கினால் நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் சிறைத்துறை பெட்ரோல் பங்க் நடத்துகிறது, பேக்கரி நடத்துகிறது, சிறை அங்காடியில் பொருள் விற்கிறது. திறந்தவெளிச் சிறைகளில் விவசாயமும் நடக்கிறது. காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பு அப்படி ஒன்று. ஆக, கைதி மண்ணில் வேலை செய்வது இங்கே புதிதில்லை. இல்லாதது, அதில் ஒரு கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ தோளோடு தோள் நிற்பது.

இடைஞ்சல்கள் இரண்டு. முதலாவது ஆள். இந்தியச் சிறைகளில் 2022 கணக்குப்படி நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தண்டிக்கப்படாத ஒருவரை வேலை செய் என்று கட்டாயப்படுத்த முடியாது. நாளைக்கு ஜாமீன் கிடைத்தால் போய்விடுவார், கிடைக்காவிட்டால் வாய்தாவுக்குப் போய்வருவார். வருஷம் முழுக்க ஒரே ஆள் கவனிக்க வேண்டிய வண்ணத்துப்பூச்சி வேலைக்கு இது ஒத்துவராது. தண்டனைக் கைதிகள் இருக்கும் மத்தியச் சிறைகளிலும் திறந்தவெளிச் சிறைகளிலும்தான் பேச முடியும்.

இரண்டாவது சாதி, இதைத்தான் யாரும் பேசுவதில்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளைச் செல்லாது என்று அறிவித்தது. துப்புரவு வேலை ஒரு சாதிக்கு, சமையல் வேறு சாதிக்கு என்று சில மாநிலச் சிறைக் கையேடுகளில் எழுதியே வைத்திருந்தார்கள். சாதிவாரியாக அடைத்துவைப்பது பற்றிப் பேசும்போது பாளையங்கோட்டைச் சிறையும் அந்தத் தீர்ப்பில் வந்தது. இந்த நிலையில் ஒரு தொண்டு நிறுவனம் உற்சாகமாக வந்து, "மட்கும் குப்பை, மட்காத குப்பை பிரிப்போம்" என்று ஆரம்பித்தால், அந்தக் குப்பையில் கை வைக்கப்போவது யார்? வாஷிங்டனில் மட்கு உரத் தொட்டியில் கைவிட்டவர் நுண்ணுயிரியல் படிக்கப் போனார். இங்கே அதே தொட்டி, பரம்பரையாக யார் தலையில் கட்டப்பட்டதோ அவர் தலையிலேயே மறுபடி ஏறும், இந்தமுறை சூழல் விருதோடு. எழுத்தில் விதி போய்விட்டதால் பழக்கம் போய்விடாது. அதனால் குப்பையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆரம்பித்தே ஆக வேண்டும் என்றால் எல்லோருக்கும் முறை போட்டு, அந்த முறைப் பட்டியலை வெளியாள் ஒருவர் பார்வையிடும்படி வைக்க வேண்டும்.

வேறு எதிலிருந்து? என்னைக் கேட்டால் நாற்றங்கால். அதுவும் வனத்துறையின் வழக்கமான தேக்கு, வேம்பு இல்லை. கடலூர், புதுச்சேரி, புதுக்கோட்டைப் பக்கம் கோயில்காடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்கள் இருக்கின்றனவே, காசான், வீரை, உலக்கைப்பாலை மாதிரி. இவற்றை நடவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு, கன்று கிடைப்பதுதான் கஷ்டம். மெதுவாக வளர்வதால் வியாபார நர்சரிக்காரர் கைவைக்க மாட்டார். எந்த விதையை ஊறவைப்பது, எதை உரசுவது, எதைப் பழுத்ததும் உடனே போடுவது என்று வகை வகையாகச் சோதித்து எழுதிவைக்க வேண்டியிருக்கும். லாக்-அப் நேரத்தில் நாற்று ஓடிவிடாது. மண்வெட்டி, கத்தி அதிகம் தேவைப்படாத வேலை என்பதால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுப்பதும் கடினம். கடலூரில் மத்தியச் சிறையே இருக்கிறது, அந்தக் காட்டு வகை இயல்பாக இருக்க வேண்டிய மண்ணிலேயே.

உங்களுக்குக் கல்லூரித் தாவரவியல் துறை எதிலாவது தொடர்பு இருந்தால் அதன் பெயரில் போங்கள். தனி ஆளாகவோ ஆர்வலர் குழுவாகவோ போனால் ஒரு நாள் மரக்கன்று நடும் விழாவாக முடித்து அனுப்பிவிடுவார்கள். சிறைத்துறைத் தலைமையிடம் கொடுக்கும் மனுவில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: மற்றச் சிறைத் தொழில்களுக்குக் கொடுக்கும் அதே கூலி, வேலை செய்பவர் பெயரில் கல்லூரி தரும் சான்றிதழ், அதில் அவர் கைதி என்று தெரியும்படி எதுவும் எழுதாமல் இருப்பது. கன்றுகளை வாங்கிக்கொள்ள ஓர் ஆளை முன்கூட்டியே பிடித்துவையுங்கள். வனத்துறையோ, பஞ்சாயத்தோ, கோயில்காடு பராமரிக்கும் ஊர்க்காரர்களோ யாராக இருந்தாலும் சரி. வளர்த்த கன்று வாங்க ஆளில்லாமல் பைக்குள்ளேயே வேர் சுருண்டு கிடந்தால் அடுத்த வருஷம் கைதியும் வர மாட்டார், கண்காணிப்பாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.